எடுத்தது கர்ப்பப்பை

“நிறுத்துங்க சார்! அவங்களுக்குப் புத்தி சரியில்ல!”

பத்திரப்பதிவு அலுவலகமே திரும்பிப் பார்த்தது. வாசலில் செல்லதுரை. அவன் முதுகுக்குப் பின்னால், தலைகுனிந்தபடி மனைவி நீலாம்பாள்.

கைரேகைக் கருவியில் விரலை வைக்கப் போன அம்சம் அப்படியே நின்றாள். திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே, வாய்க்கால் தலைப்பில் இரண்டு ஏக்கர் நஞ்சை. புருஷன் உயில் எழுதி அவளுக்கு விட்டுப்போன நிலம். இன்று அதை மகள் தமிழ்நிலாவுக்கு எழுதிவைக்க வந்திருக்கிறாள். செல்லதுரை, செத்துப்போன புருஷனின் தம்பி. தலைப்பு எவன் கையிலோ, தண்ணீர் அவனுக்குத்தான் முதலில். அதுதான் வயிற்றெரிச்சல்.

“என்ன ஆட்சேபணை?” சார்பதிவாளர் பெரியநாயகசாமி கண்ணாடியைக் கழற்றினார்.

“போன ஆடியில அண்ணிக்குக் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க சார். அதுலேருந்து மண்டை குழம்பிப்போச்சு. ஹார்மோன் போனா பொம்பளைக்கு மூளை வேலை செய்யாது. யூடியூப்ல டாக்டரே சொல்றாரு.”

“வெள்ளைக் கோட்டு போட்டவன்லாம் டாக்டரா?” என்றாள் அம்சம்.

“பாத்தீங்களா, எரிஞ்சு விழறாங்க. அதான் சார் அறிகுறி!”

“நெலத்தைப் புடுங்க வர்றவனுக்கு ஆரத்தியா எடுப்பாங்க?”

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். செல்லதுரையின் முகம் கறுத்தது.

அம்சத்தின் பக்கத்தில் நின்ற தமிழ்நிலா தஞ்சாவூரில் நர்ஸ். குரலை உயர்த்தாமல் குத்தினாள். “சித்தப்பா, கர்ப்பப்பை புள்ள வளர்ற பை. ஹார்மோன் சுரக்கறது சினைப்பை. அம்மாவுக்கு அதை எடுக்கல. எடுத்திருந்தாலும் உடம்பு காந்தும், தூக்கம் கெடும், ஒண்ணு ரெண்டு மறக்கும். அதுக்கு வைத்தியம் இருக்கு. பைத்தியமெல்லாம் புடிக்காது.”

“நேத்து மொளைச்சவ நீ எனக்குப் பாடம் எடுக்கறியா? காயடிச்ச மாடும் இவங்களும் ஒண்ணு. ஆசையும் போச்சு, அறிவும் போச்சு. சார், போன வாரம் மடையைத் திறந்துட்டு அடைக்க மறந்துட்டாங்க. என் நாத்தங்கால் முழுகிப்போச்சு!”

“மறக்கல,” என்றாள் அம்சம். “முந்தின நாள் நீ என் மடையை அடைச்ச பாரு, அதுக்குத்தான். நல்லா யோசிச்சுத்தான் திறந்துவிட்டேன்.”

“போதும்!” பெரியநாயகசாமி மேஜையைத் தட்டினார். “புத்தி சுவாதீனம் இல்லாதவங்க எழுதிக் குடுத்தா நான் பதிய மாட்டேன். ஆனா வாயால சொன்னா ஆச்சா? பக்கத்துல இருந்து பாத்தவங்க யாராச்சும் உண்டா?”

இதற்காகத்தானே காத்திருந்தான். “என் சம்சாரம் இருக்கா சார். ஒரே கொல்லையில புழங்கறவ.” நீலாம்பாளின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினான். “சொல்லுடி. வீட்டுல சொன்னியே, அதைச் சொல்லு.”

நீலாம்பாள் அம்சத்தைப் பார்க்கவில்லை. நேராகச் சார்பதிவாளரைப் பார்த்தாள்.

“கர்ப்பப்பை எடுத்தவ போட்ட கையெழுத்து செல்லாதுங்களா?”

“அப்படிச் சட்டம் எதுவும் இல்லம்மா. உங்க வீட்டுக்காரர்தான் சொல்றாரு.”

“அவரு சொல்றது நெசம்னா, எனக்கும் மூணு வருஷம் முன்னாடி எடுத்தாச்சுங்க. தையல் ஆறதுக்குள்ள இங்கதான் கூட்டிட்டு வந்தாரு. எங்கப்பா எனக்குக் குடுத்த நஞ்சையை இவரு பேருக்கு எழுதி வாங்கினாரு.”

“ஏய்! அது வேற, இது வேற!”

“எப்படி வேற? அன்னைக்கு எம் மூளை எங்க இருந்துச்சு?”

அம்சத்தின் உதட்டோரம் ஒரு நெளிவு.

பெரியநாயகசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “சொல்லுங்க செல்லதுரை. அன்னைக்கு உங்க மனைவி தெளிவா இருந்தாங்களா, இல்லையா?”

இல்லை என்றால் தன் நிலம் கைவிட்டுப் போகும். ஆம் என்றால் அண்ணியின் நிலம். செல்லதுரை தரையைப் பார்த்துச் சொன்னான்.

“தெளிவாத்தான் இருந்தா.”

அடுத்த நொடி அம்சத்தின் கட்டைவிரல் கருவியில் அழுந்தியது. பச்சை விளக்கு எரிந்தது.

“வீட்டுக்கு வாடி, உன்னை வச்சுக்கறேன்,” பல்லைக் கடித்தபடி வெளியேறினான் செல்லதுரை. பைக்கை உதைக்கும் சத்தம். ஹாரன். மறுபடியும் ஹாரன்.

நீலாம்பாள் அசையவில்லை. அம்சம் நகர்ந்துவிட்ட இடத்தில், மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சார், நான் எழுதிக் குடுத்த பத்திரத்துக்கு நகல் வேணும். யாரைப் பாக்கணும்?”