யாகூபின் வாயில் சீஸ் இழை

யாகூபின் வாயிலிருந்து அவன் தங்கை ஷுக்ரியேயின் செப்பு வாணலிவரை நீளும் சீஸ் இழை, இந்த ஆகஸ்டோடு ஒன்பது வருஷமாக அறுபடவில்லை. நீளம் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர். வெயில் நாளில் சற்றுக் கூடும்.

எங்கள் கருங்கடல் மலைகளில் நிலம் ஆண்பிள்ளைகளுக்குத்தான். பெண்பிள்ளைகள் 'மனசாரக் கொடுத்தேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். மனசாவது மண்ணாங்கட்டியாவது! புருஷன் செத்தபின் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, இருபது வருஷம் அப்பனின் மலைச்சரிவில் புல்லறுத்து மாட்டைக் காப்பாற்றியவள் ஷுக்ரியே. நகரத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த யாகூபுக்கு, விடுதி கட்ட ஒருவன் விலை கேட்ட பிறகுதான் அப்பன் சொத்து ஞாபகம் வந்தது. சித்தப்பன்மார் நாலு பேரைக் கூட்டிவந்து அவளைச் சுற்றி உட்காரவைத்தான்.

"நிலம் உனக்கெதுக்கு? நான் பாத்துக்க மாட்டேனா?"

"பாத்துக்குவண்ணே, நல்லாவே பாத்துக்குவ," என்று கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு அடுப்புக்குப் போனாள். வெண்ணெயில் சோளமாவை வறுத்து, தண்ணீர் ஊற்றி, சீஸைப் போட்டுக் கிண்டினாள். வெண்ணெய் மேலே மிதந்ததும் குய்மாக் தயார். நடுவில் ஒரே வாணலி. அவரவர் தன் பக்கத்தில்தான் அள்ளவேண்டும். பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை இது. யாகூப் கூசாமல் எட்டி அவள் பக்கத்தில் கரண்டியை விட்டான்.

"அது என் பக்கம்ணே."

"பக்கமா? அதான் எழுதிக் குடுத்துட்டியே!"

சித்தப்பன்மார் சிரித்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். அவன் விழுங்கினான். இழை அறவில்லை. கத்தரிக்கோல் போட்டார்கள், அரிவாள் போட்டார்கள், கோடரியின் வாய்தான் உடைந்தது. வாணலியோ அடுப்பைவிட்டு நகர மறுத்தது. லாரியேறித் தப்பப் பார்த்தவனை, சரிவைத் தாண்டிய வளைவில் இழை பல்லோடு இழுத்து நிறுத்தியது. அங்கேயே கொட்டகை போட்டுக் குடியிருக்கிறான். ரொட்டியை வாயின் மறுபக்கம் மெல்லப் பழகிக்கொண்டான். மண் தோண்ட வந்த இயந்திரம் குறுக்கே கிடந்த இழையில் மாட்டிப் பல் உடைந்ததும், விடுதிக்காரன் வந்த வழியே போனான்.

"பத்திரத்தைக் கிழிச்சுப் போடேன்யா," என்று ஊரே சொல்லிப் பார்த்தது.

"அவ வந்து கேக்கட்டும்," என்றான்.

"என் புல்லை நான் கேக்கணுமா? வாயிலேயே வச்சுக்கட்டும்!" என்றாள் ஷுக்ரியே.

பத்திரம் இன்றும் அவன் பேரில்தான். புல் அறுப்பவள் அவள். சன்னலிலிருந்து சரிவின்மேல் போகும் அந்த இழையில்தான் துணி காயப்போடுகிறாள். கம்பளி துவைக்கும் நாளில் கீழேயிருந்து யாகூப், "கனக்குதுடி!" என்று கத்துவான். அவள் இன்னொரு கம்பளியைப் பிழியாமலே எடுத்துப் போடுவாள்.