சிக்கல் மரத்தின் ஆணிவேர்

மாந்தர் குலத்தைப் பற்றி வருத்தும் துன்பங்கள் அனைத்தும், வறுமையும் பிணியும் பகையும் பிரிவும் உட்பட, வருந்துவோர்க்கு அவற்றை எவரும் முறையாக எடுத்து விளக்காமையால் மட்டுமே நிலைத்து நிற்கின்றன என்பதும், விளக்கத் தகுந்தவன் ஒருவன் இறுதியாகத் தோன்றிவிட்டான் என்பதும், அவன் ஆலப்புழைக்குத் தெற்கே கடலுக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட கல்லூரி ஒன்றில் சமூகப்பணித் துறையின் ஒப்பந்த விரிவுரையாளனாகப் பணியாற்றி வந்தான் என்பதும் ஐயத்திற்கு இடமற்ற உண்மைகளாம். அவன் பெயர் சுகதன். இம்மூன்று உண்மைகளையும் உலகிற்கு அறிவித்தவனும் அவனே.

கற்றறிந்தீர், அவன் வாழ்ந்த கரையையும் அப்பருவத்தையும் சற்றே நோக்குவீராக. மேற்றிசை வானம் கருமுகில் சுமந்து கடல்மீது குனிந்து நிற்க, கீழ்த்திசைத் தென்னைகளோ குளித்தெழுந்து கூந்தல் உலர்த்த வெயில் கிட்டாத மகளிரைப்போல் நீர் சொட்டச் சொட்டத் தலைசாய்த்து நிற்கும். பிற கரைகளில் எல்லாம் மழைக்காலத்துக் கடல் மதங்கொண்ட களிறெனப் பிளிறி மோதுங்கால், இக்கரையில் மட்டும் அடிச்சேறு திரண்டு மேலெழுந்து அலைகளை அடக்கிவிட, நீர்ப்பரப்பு எண்ணெய் தடவிய கருங்கல்போல் அசைவற்றுக் கிடக்கும். இவ்வாறு கடல் அடங்கும் பருவத்தைக் குறிக்கும் ‘சாகரை வந்துவிட்டது’ என்னும் சொல் வாயிலிருந்து வாய்க்குத் தாவி ஊரைச் சுற்றிவருமுன் படகுகள் இறாலைக் குன்று குன்றாகக் கரைசேர்த்துவிடும். அதன்பின் அக்கரைப் பெண்டிர்க்கு உணவும் உறக்கமும் இரண்டாம் நிலையே. கொட்டகையின் ஈரத்தரையில் வரிசையாய் அமர்ந்து, பனிக்கட்டி உருகுமுன் உரித்து முடிக்க வேண்டும். உருகியபின் இறால் கருக்கும். கருத்த இறாலைக் கொள்வார் இல்லை.

சுகதன் கற்பித்த பாடம் செவிமடுத்தல். பிறர் உரையைக் குறுக்கிடாது கேட்கும் அருந்திறத்தை அவன் இரண்டு மணிநேரம் குறுக்கீடின்றிப் பேசிக் கற்பித்தான். பேசாதிருத்தலாகிய வாய்வாளாமையின் ஒன்பது வகைகளை அவன் அடுக்கடுக்காய் விரித்துரைக்குங்கால், முன்வரிசை மாணவர் அவற்றுள் முதல் வகையைக் கடைப்பிடித்தனர். பின்வரிசையினர் துயில் என்னும் பத்தாம் வகையைத் தாமே கண்டறிந்தனர். ஆயினும் நகைப்பீர் ஒன்று அறிக. அவன் அப்பணியை உள்ளன்போடு விரும்பினான். ஏப்ரலில் உதிர்ந்து சூனில் துளிர்க்கும் ஒப்பந்தத்தில் ஆண்டுகள் பல கழித்தவன் அவன்; கரும்பலகையின்முன் நிற்கும்பொழுது மட்டுமே தான் ஓர் ஆளாய் இருப்பதாக அவனுக்குத் தோன்றும். துறையில் அவ்வாண்டு நிலையான பதவி ஒன்று காலியாகியிருந்தது. அதற்கு உரியோர் இருவர்: ஒருவன் சுகதன், மற்றவள் பின்சி.

பின்சியும் அவனைப்போன்றே ஒப்பந்தக்காரி, ஒத்த அகவையினள், ஒத்த பட்டத்தினள். அவள் முறையோ வேறு. வாரந்தோறும் இருநாள் மாணவரை அழைத்துக்கொண்டு இறால் கொட்டகைக்குச் சென்று, சேலையை இடுக்கிக்கொண்டு தரையில் அமர்ந்து, பெண்டிரோடு பெண்டிராய் இறால் உரிப்பாள். மாணவரும் உரிப்பர், உரித்தவாறே செவியில் விழுவதைக் கேட்பர். மாலையில் அவர்தம் மேனியினின்று எழும் மணம் பேருந்தில் அவர்களைச் சுற்றி நான்கு இருக்கைகளை வெறுமையாக்கித் தரும். இதைக் கண்டு சுகதன் வருந்தாத நாளில்லை. ஆசிரியர் அறையில் வருத்தத்தை வெளியிடாத நாளும் இல்லை. ஆசிரியரை அக்கரையார் அழைக்கும் வழக்கில் அவன் ‘மாஷ்’, அவள் ‘டீச்சர்’.

“டீச்சரே, முதுகலை இறால் உரிப்புல இந்த வருஷம் எத்தனை பேர் பாஸ்?” என்பான்.

“எல்லாரும் பாஸ் மாஷே. உங்க கிளாஸ்ல எத்தனை பேர் முழிச்சிருந்தாங்க?”

“நான் கேலி பண்ணல. டாக்டர் பட்டம் வாங்கின கை இறால் தலையைக் கிள்ளுதுன்னா துறைக்கே கேவலம் இல்லையா? நாம உரிக்கப் போகல டீச்சர். உணர்த்தப் போறோம்.”

“கை சும்மா இருந்தா நான் பேச ஆரம்பிச்சிடுவேன்,” என்று பின்சி விடைத்தாள்களைத் திருப்பியவாறே கூறுவாள். “உங்களைப் பார்த்ததுலேருந்து அந்த பயம்.”

இவ்வாறிருக்க, சாகரை உச்சத்திலிருந்த ஒரு முற்பகலில், சுகதன் தன் பங்கு மாணவரை அழைத்துக்கொண்டு கொட்டகைக்கு எழுந்தருளினான். அவன் கையில் பாய்போல் சுருட்டிய பெருந்தாள் இருந்தது. அதில் வரையப்படவிருந்தது சிக்கல் மரம்: ஊரின் துன்பமே அடிமரம், காரணங்களே வேர்கள், விளைவுகளே கிளைகள் என ஊரார் தம் கைப்பட வரைந்து உணர்வது எங்கும் வழங்கும் முறை. அது நல்ல முறையே. நேரம் அறிந்து செய்வார் செய்தால் நற்பயனும் தரும்.

கொட்டகையின் தலைவிபோல் விளங்கியவள் கிளாரம்மா. வந்தவரைப் போகச் சொல்லுதல் அக்கரையின் வழக்கமன்று. ஆதலின் அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழ, மற்றப் பெண்டிரும் எழுந்து தாளைச் சுற்றி வட்டமாய் அமர்ந்தனர். எழுதுகோலை அப்பெண்டிர் கையில் கொடுக்க வேண்டியவன், அவர்தம் துன்பத்தின் வேர்களையும் தானே அறிந்திருந்தமையால், தானே வரைந்து தானே விளக்கத் தொடங்கினான். முதல் வேர் முடிந்தது. இரண்டாம் வேர் மூன்றாய்க் கிளைத்தது.

“மாஷே, ஐஸ் உருகுது,” என்றாள் கிளாரம்மா.

“உருகுறது ஐஸ் இல்ல சேச்சி. நம்ம சமூகத்தோட மனசாட்சி.”

கிளாரம்மா கூடைகளின் அடியை நோக்கினாள். “அப்படியா. கீழ வழியுறது அதுதானா?”

மாணவர் தலைகுனிந்தனர், சுகதன் அதனைச் சிந்தனையின் அறிகுறி எனக் கொண்டு கிளைகளுக்கு ஏறினான். அவன் மரத்தின் உச்சியை எய்துமுன் வாயிலில் வண்டியின் ஊதொலி எழுந்தது. இறால் கொள்ள வந்த முகவர் இறங்கி, ஒரு கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, தலையைப் பார்த்து, முகர்ந்து, மீண்டும் கூடையிலேயே இட்டுவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பிப்போனார்.

கூடைகளில் இறால் கருத்துவிட்டிருந்தது. பின்னர்க் கிளாரம்மா, அருகிருந்த ரம்லத் என்னும் மாணவியிடம் கைநீட்டினாள்.

“மோளே, அந்தப் பேனாவைக் குடு.”

வாங்கி, மண்டியிட்டு, மரத்தின் ஆணிவேர் இருந்த இடத்தில் பெரிய எழுத்துகளில் ‘மாஷ் வந்தார்’ என்று எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

“இனிமே உங்க பிள்ளைங்க இந்தப் பக்கம் வர வேண்டாம். மரம் நல்லா வந்திருக்கு. எடுத்துட்டுப் போங்க.”

கல்லூரி முதல்வரும் பாதிரியாருமான குரியன் அச்சன் மெல்லப் பேசும் இயல்பினர். மறுநாள் அவர் சுகதன், பின்சி இருவரையும் அழைத்து, சுகதனை நோக்கிக் கூறினார்: “இந்தக் கடற்கரையில யாரையும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க. முப்பது வருஷமா இங்க இருக்கேன். நீ சாதிச்சிட்ட.”

சுகதன் அடக்கத்துடன் தலைகுனிந்தான்.

“களம் இல்லாம சமூகப்பணித் துறை இல்ல. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குத் தேர்வுக்குழு உட்காருது. அதுக்குள்ள கிளாரம்மா வாயால, பிள்ளைங்க வரட்டும்னு ஒரு வார்த்தை வேணும். உங்க ரெண்டு பேர்ல யார் அதை வாங்கிட்டு வந்து குழு முன்னாடி சொல்றீங்களோ, அவங்க பேர் மேல போகும். அஞ்சு மணி தாண்டி வந்து கதவைத் தட்டாதீங்க.”

“ஏன் அச்சோ, கெடுத்தது அவர்,” என்றாள் பின்சி.

“அதனாலதான் அவனுக்கும் ஒரு வாய்ப்பு.”

வெள்ளி நண்பகல், பின்சி வகுப்பில் இருந்த வேளை நோக்கி, சுகதன் முந்திக்கொண்டு கொட்டகையை அடைந்தான். அவன் நெஞ்சில் முன்னுரை, வருத்தந்தெரிவித்தல், காரணங்காட்டல், எதிர்காலநோக்கு, நிறைவுரை என்னும் உறுப்புகளோடு கூடிய பேருரை ஒன்று மணப்பெண்போல் அலங்கரித்துக் காத்திருந்தது. வாயிலில் நின்று தொண்டையைச் செருமினான்.

“மாஷே, வெளிச்சத்தை மறைக்காதீங்க,” என்றாள் கிளாரம்மா, நிமிராமலே.

இடப்புறம் ஒதுங்கினான். அது பனிக்கட்டி சுமந்து வருவோர் வழி. வலப்புறம் ஒதுங்கினான். அது உரித்த ஓடு குவிக்கும் இடம். எவர்க்கும் இடையூறின்றி ஓராள் இருத்தற்குரிய இடம் அக்கொட்டகையில் ஒன்றே இருந்தது: கிளாரம்மாவின் பக்கலில், ஆளின்றிக் கிடந்த ஒரு சிறுபலகை. சுகதன் அதில் அமர்ந்தான். அவன் முழங்காலுக்குமுன் கூடை ஒன்று நிறைந்து நின்றது.

“இது யாரோட இடம்?”

“சரசுவோடது. பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா. காலையில வாங்கி வச்ச கூடை அப்படியே கிடக்கு. எங்க கூடையே எங்களுக்கு முடியல.”

கூடையின் அடியில் நீர் ஒரு கோடாய் ஒழுகிச் சென்றது. சுகதன் அதனை நோக்கினான். நோக்காதிருக்க முயன்றான். மீண்டும் நோக்கினான். பின்னர், பிறர் காணாதபடி ஒன்றைத் திருடுபவன்போல், ஓர் இறாலை எடுத்தான். முன்னுரையின் முதற்சொல் நாவின் நுனிவரை வந்துவிட்ட அவ்வேளையில், இறாலின் கொம்பு அவன் நகக்கண்ணில் தைக்க, அச்சொல் சீறும் ஒலியொன்றாய்த் திரிந்து வெளிப்போந்து மறைந்தது.

“தலையைத் திருகுங்க மாஷே, கெஞ்சாதீங்க,” என்றாள் எதிர்வரிசைப் பெண்ணொருத்தி.

“மெதுவாடி, அவர் அதுக்குக் காரணம் விளக்கிட்டு இருக்கார்,” என்றாள் அவளருகிருந்தவள்.

“விளக்கவே வேண்டாம். அது ஏற்கனவே செத்துப்போச்சு.”

சிரிப்பு வரிசையின் ஒரு முனையில் எழுந்து மறுமுனைவரை சென்று அடங்கியது. சுகதன் மறுமொழி கூற எண்ணினான், ஆயின் இறால் வழுக்கியது. ஒன்றைத் தலைதிருகி, கால்களைக் களைந்து, ஓட்டினைக் கழற்றி, குடலை உருவி முடிப்பதற்குள் அருகிருந்தவள் ஒரு கைப்பிடி முடித்திருந்தாள். எண்ணமனைத்தும் விரல்நுனிக்கு வந்துவிடவே நாவிற்கு ஏவலிடுவார் எவரும் இலராயினர். பேருரை, மணமகன் வாராத பந்தலில் அமர்ந்த மணப்பெண்போல், நெஞ்சினுள்ளேயே அணிகளைக் கழற்றத் தொடங்கிற்று.

அவன் அங்கிருப்பதைப் பெண்டிர் மெல்ல மெல்ல மறந்தனர். ஒருத்தி மங்களூரில் செவிலியர் படிப்புக்குப் போன மகள் தொலைபேசியில் அழுவதே இல்லை என்பதால்தான் தனக்கு அச்சம் என்றாள். மற்றொருத்தி, கடல் அடுத்த மழைக்கு வீட்டுச் சுவரைத் தின்னும் என்று தெரிந்தும் கணவன் அதற்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்பதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடியுமுன் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவன் வரைந்த மரத்தின் வேர்களுள் ஒன்றேனும் அப்பேச்சில் வரவில்லை. அவன் வரையாதவை பல வந்தன. அவன் தலைநிமிராது உரித்துக்கொண்டே இருந்தான்.

பிற்பகல் சாயும் வேளை வகுப்பை முடித்துக்கொண்டு விரைந்து வந்த பின்சி, வாயிலில் கால் வைத்தவள் வைத்தபடியே நின்றாள்.

“டீச்சரே, இந்த மாஷுக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள் கிளாரம்மா. “வந்ததுலேருந்து ஒரு பிரசங்கம் வரல.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு சேச்சி.”

கிளாரம்மா சுகதன்பால் திரும்பாமலே, உரித்த இறாலைக் கழுவியவாறு கூறினாள்: “திங்கட்கிழமை பிள்ளைங்க வரட்டும் மாஷே. மோதிரம் வளையலெல்லாம் கழட்டி வச்சிட்டு வரச் சொல்லுங்க. கூடையில விழுந்தா தேடி முடியல.”

சொல் கிடைத்துவிட்டது. அவ்வேளை, அதற்கெனவே காத்திருந்ததுபோல், சாலையில் பேருந்தின் ஊதொலி எழுந்தது. ஐந்து மணிக்குமுன் கல்லூரி சேர்வதற்கு அதுவன்றி வேறில்லை. பின்சி அதனை அறிவாள், சுகதனும் அறிவான். கூடையில் பாதி எஞ்சியிருந்தது.

“எழுந்திருங்க மாஷே. பஸ் நிக்காது.”

“நீங்க போங்க டீச்சர். போய்க் குழுகிட்ட சொல்லுங்க.”

“நான் சொன்னா என் பேர்தான் மேல போகும். தெரியுதா?”

“தெரியுது.” அவன் அடுத்த இறாலைக் கையிலெடுத்தான். “சரசு இன்னும் வரல. ஐஸ் உருகுது.”

 கேலிசெய்யப் பின்சிக்கு அதனினும் நல்லதொரு பொழுது வாய்த்திராது. அவள் அதனைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

“நிஜமாவா சொல்றீங்க?”

“காலும் மரத்துப்போச்சு,” என்றான் சுகதன்.

பேருந்து அவளை ஏற்றிக்கொண்டு சென்றது. அன்றுமாலை குழுவின்முன் தான் கண்டதைக் கண்டவாறே அவள் உரைத்ததும், அச்சன் புன்முறுவல் பூத்ததும், பூத்தும் வாக்குத் தவறாது அப்பதவியை அவளுக்கே வழங்கியதும், ஏப்ரலில் உதிர்ந்த அவன் ஒப்பந்தம் சூனில் முன்போலவே துளிர்த்ததும் பின்னர் நிகழ்ந்தவை. அவ்வேளையிலோ கொட்டகைக்குள் விளக்கேற்றப்பட்டது. வெளியே மழை வலுத்தது. அடங்கிய கடல் அடங்கியே கிடந்தது. சுகதன் சரசுவின் கூடையைத் தன் பக்கம் இன்னும் சற்று இழுத்துக்கொண்டான். விளக்க வல்லான் ஒருவன் விளக்காது அமர்ந்திருந்த அம்மாலையில் மாந்தர் குலத்தின் துன்பங்களுள் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. ஒரு கூடை இறால் மட்டும் கருக்காமல் எஞ்சிற்று.