மலைக்கு ஒரு போன்

வெள்ளவத்தைப் பிள்ளையார் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"எழுபத்தெட்டு வயதில தனியாச் சிவனொளிபாத மலையோ? வழி தவறினா ஆர் தேடுறது, அப்பா?" என்று மகள் சுபோதினி மறித்ததும், சபாநாதர் நேரே கொழும்புக் காலி வீதியிலுள்ள போன் கடைக்குள் நுழைந்தார்.

"அங்கிள், இதில செல்ஃபி வடிவா வரும்," என்றாள் விற்பனைப் பெண்.

"என்ர முகம் எனக்குத் தெரியும் பிள்ளை. சிக்னல் இல்லாத காட்டில வழி காட்டுற, மழையில நனைஞ்சாலும் சாகாத போனை எடு."

தனியாகவே ஏறினார். மூடுபனியில் வழி தவறிய சிறுத்தையொன்று அவருடைய போன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் பின்னால் வந்தது. உச்சியில், முதல் தடவை ஏறுகிறவர்களின் வழக்கப்படி மணியை ஒருமுறை அடித்தார். வெள்ளவத்தையில் மகளுக்கும் கேட்கட்டும் என்று இன்னொருமுறை அடித்தார்.

சபாநாதர் இப்படிச் சத்தியம் பண்ணிச் சொல்லிக்கொண்டிருக்க, வாங்கிய அன்றே சுபோதினி அலுமாரியில் வைத்துப் பூட்டிய அந்தப் போன் பெட்டியின் முத்திரை இன்னும் உடைபடவில்லை.