கொழுந்தன் கொடுத்த கேள்வி

…மாதிரி என்ன மாதிரி, வேலை போனவள்தானே நான், என்று அப்போதே முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, அடுப்பு மேடையை இன்னும் அழுத்தித் துடைத்ததோடு சரி, கொழுந்தனோ சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு, "அண்ணி, கூட்டத்துல இந்தக் கேள்விய வேலை போனவங்க ஒருத்தர் கேக்கற மாதிரி இருக்கணும், அப்பதான் எடுபடும்" என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். இப்போது அதே வாய் மேடையில் இருக்கிறது, புதுச் சட்டைக்கு மேலே, நகர மன்றத் தேர்தல் வேட்பாளராக. பக்கத்து நாற்காலியில் அவனை எதிர்த்து நிற்கும் ஹார்டுவேர்க் கடைக்காரர், நடுவில் கேள்விகளை ஒழுங்குபடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மூவர் தலைக்கும் மேலே ஆடி ஆடிச் சுற்றும் மின்விசிறி… அது அவளும் கணவனும் வேலை பார்த்த ஆலையில் செய்தது, அதன் வயிற்றுக்குள் இருக்கும் செம்புக் கம்பியைச் சுற்றியது அவளாகக்கூட இருக்கலாம், ஆனால் இறக்கைகளைச் சமன்பார்த்து அனுப்பியது அவள் கணவன் இல்லை, அவன் கைபட்ட விசிறி இப்படி ஆடாது. ஆலையை மூடியாகிவிட்டது, விசிறி மட்டும் சுற்றுகிறது, அதன் காற்றில் சட்டை பறக்க உட்கார்ந்துகொண்டு இவர்கள் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். பிராந்தியப் பொருளாதாரமாம். அந்தச் சொல் வரும்போது மட்டும் கொழுந்தனின் முதுகு ஏன் அப்படி நிமிர்கிறது? வீட்டில் ஒரு நாளாவது அவன் வாயில் அது வந்திருக்கிறதா?

ஒத்திகை வேறு. தன் வீட்டுச் சமையலறையில் நின்று தன் கஷ்டத்தைத் தானே ஒப்பித்துக் காட்ட வேண்டியிருந்தது, மூடிக் கிடக்கிற ஆலைக்குப் பதிலா எங்களுக்கு என்ன வேலை கொண்டு வருவீங்க, என்று அவள் கேட்க, அவன் தலையைச் சாய்த்துப் பாடகனைத் திருத்துகிறவனைப்போல, "குரல்ல கொஞ்சம் தளர்ச்சி வேணும் அண்ணி, நீங்க சண்டைக்கு வர்றீங்க" என்றான். சண்டைக்கு வராமல்? தொழிற்சங்கச் செயலாளராக இருந்து, ஆலை வாசலில் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு, ஆலையை மூடச் சம்மதம்னு தைரியமா கையெழுத்துப் போடுங்க, வேற முதலாளி வாங்கித் திறந்துடுவான், என்று சொன்னவன் இவன்தானே, வந்தது இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றியவர்கள்தானே, கேட்பதென்றால் அதையல்லவா கேட்க வேண்டும், எந்தத் தைரியத்தில் எங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னாய் என்று… அந்தக் கேள்வியை அவனிடம் இன்றுவரை கேட்கவில்லை. தம்பி கேள்வி சொல்லிக் கொடுப்பதைக் கணவனிடம் சொன்னாள். எங்கோ பெருநகரத்தில் யாருடைய கட்டடத்துக்கோ காவல் நிற்கிறவன் அவன், வீட்டுக்கு வருவதே விருந்தாளியைப்போல, வந்தால் துவட்டும் துண்டு எங்கே என்று கேட்கிறான், தன் வீட்டில், தன் துண்டை. போனில், "என் தம்பிங்கறதுக்காகச் சொல்லல. அவன் ஜெயிச்சு இங்க ஏதாவது வந்துச்சுன்னா நானும் வந்துடலாம்ல? ஒரு கேள்விதானே, கேட்டுட்டுப் போயேன்" என்றான். ஒரு கேள்விதான். ஆனால் எந்தக் கேள்வி?

இதற்குள் மைக் அவள் வரிசைக்கு வந்துவிட்டது, கை மாறி, கை மாறி, பிடி முழுவதும் அடுத்தவர்களின் வியர்வை. எழுந்தாள். முழங்கால் இரண்டும் முனகின, நின்றால் வேகம் கூடும் என்று கடைசிக் காலத்தில் கம்பிக் காயில் சுற்றும் பிரிவின் நாற்காலிகளையெல்லாம் எடுத்துவிட்டார்களே, அந்த வேகம் இந்த முட்டிகளில்தான் தங்கிவிட்டது… கேட்டுவிடு, உன் கேள்வியைக் கேட்டுவிடு, ஊரே இருக்கிறது, என்று உள்ளே ஒன்று பிடித்துத் தள்ள, வாயோ ஒத்திகையின் பழக்கத்தில் தானாகத் திறந்து, மூடிக் கிடக்கிற ஆலைக்குப் பதிலா எங்களுக்கு என்ன வேலை கொண்டு வருவீங்க, என்றது, அதுவும் அவன் சொல்லிக் கொடுத்த அதே தளர்ச்சியோடு. சே. கொழுந்தன் முகம் மலரும் என்று பார்த்தால் வெளிறியது. ஒரு கேள்விக்கு ஒரு வேட்பாளர் என்று மாற்றி மாற்றிப் பதில் சொல்ல முறை வைத்திருந்தார்கள், எந்த முறையில் அவள் எழ வேண்டும் என்று அவன் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தான், நடுவில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் சாக்கடை அடைப்பைப் பற்றிக் கேட்டுத் தொலைத்ததில் முறை மாறிப்போயிருந்தது, கோபத்தில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை. "இதுக்கு ஹார்டுவேர்க்காரர்தான் பதில் சொல்லணும்" என்றார் ஆசிரியர்.

அவரும் சொன்னார். புறவழிச் சாலை, சாலையை ஒட்டிப் பெரிய சரக்குக் கிடங்கு, திறன் பயிற்சி மையம், உள்ளூர் ஆட்களுக்கே முன்னுரிமை… சமையலறையில் கொழுந்தன் சொல்லிப் பார்த்த அதே பதில், அதே வரிசை, 'உள்ளூர் ஆட்களுக்கே' என்னும்போது மேசையில் அதே தட்டல். இருவரும் ஒரே வாயைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறார்களா? கூட்டம் கைதட்டியது, கொழுந்தன் அவளை முறைத்தான், பற்களுக்கிடையில் 'அண்ணி' என்பது இங்கேயே கேட்டது. இதோ, இப்போது, மைக் இன்னும் கையில்தான் இருக்கிறது. ஆசிரியரே, "இன்னும் ஏதாவது கேக்கணுமாம்மா?" என்கிறார். கையெழுத்து, என்று தொடங்கினால் போதும், மேடை கவிழும், மானம் கப்பலேறும். வாயைத் திறந்தாள்.

"அந்தக் கிடங்குல… நின்னுக்கிட்டே செய்யற வேலையா, உக்காந்து செய்யற வேலையா?"

கூடம் வெடித்துச் சிரித்தது. "போடு, ஆத்தா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல், "அதானே, கட்டாத கிடங்குக்கு நாற்காலி கேக்கறாங்க பாரு." ஆசிரியர் உதட்டை மடித்துக்கொண்டார். வேட்பாளர் இருவரும் முதன்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு நாசூக்காகக் குத்திவிட்டாள் என்று பக்கத்து இருக்கைப் பெண் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள், அவளுக்கோ ஒன்றும் விளங்கவில்லை, யாரைக் குத்தினேன், எதற்குச் சிரிக்கிறார்கள்… உட்கார்ந்து செய்யும் வேலை என்று அந்த இருவரில் எவன் சொன்னாலும் போதும், தன்னாலும் செய்ய முடியும், இன்றைக்கே கணவனுக்குப் போன் போட்டு வந்துவிடச் சொல்லலாம், என்று மைக்கைக் கீழே இறக்காமல், வலிக்கும் முட்டிகளோடு, அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.