சிங்க் படத்தில் ஒட்டிய சிவப்புப் பொட்டு

கேலரி திறந்து ஐந்து மணி நேரத்தில் அவள் வரைந்த படத்தின் முன்னால் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றார். இன்னொருத்தி அவளுடைய அக்கா.

அக்காவும் ரசித்து நிற்கவில்லை. "ஏண்டி, அன்னிக்குப் பாத்திரம் கழுவ வேண்டியது என் முறை. அத ஊருக்கே காட்டிட்டியா?"

படத்தில் இருந்தது அவர்கள் வீட்டு சிங்க். கழுவாத தட்டுகள், ஒரு குழாய், குழாயின் நுனியில் விழப்போகிற ஒரு சொட்டு. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் அவள். அந்தச் சொட்டுக்கு மட்டும் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டிருந்தாள். யாராவது ஒருவர் அதைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

மருந்துக்கடை மாடியில் இருந்த அந்தக் கேலரியில் உள்ளூர் ஓவியர்கள் ஏழு பேரின் படங்கள். எதிர்ச்சுவர் முழுக்கக் கடல்காரருடையது. இருபது வருஷமாகக் கடலைத் தவிர எதையும் வரையாததால் அந்தப் பெயர். எல்லாக் கடலிலும் அதே படகு. கேட்டால், "ஒரே படகுதாம்மா, ஊர் சுத்துது" என்பார்.

அவர் படங்கள் மூன்றில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. விற்றுப்போனதற்கு அடையாளம். வந்தவர்கள் பொட்டு வைத்த படங்களைத் தேடித்தான் போனார்கள். அவள் அதைக் கவனித்தாள். கவனிப்பதற்குத்தானே சம்பளம் வாங்குகிறாள்.

கைப்பையில் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் தாள் எப்போதும் கிடக்கும். குடிக்க லாயக்கில்லாத தண்ணீர்ப் பாட்டிலில் ஒட்டுவது. எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில், அக்காவை வாசலில் காவல் வைத்துவிட்டு, ஒன்றை உரித்துத் தன் படத்தின் ஓரத்தில் ஒட்டினாள்.

அரை மணி நேரத்தில் படத்தின் முன்னால் ஆறு பேர். ஒருவர் தலையைச் சாய்த்து, "இதுல ஒரு தனிமை இருக்கு" என்றார்.

அக்கா அவள் விலாவில் இடித்தாள். "கேட்டியா? என் சோம்பேறித்தனத்துக்குப் பேரு தனிமையாம்."

கேலரிக்காரம்மாவுக்குத்தான் குழப்பம். "இத யாரு வித்தது? நான் பொட்டு வைக்கலையே?"

அவள் வாய் திறப்பதற்குள் கடல்காரர் தொண்டையைச் செருமினார். "நம்ம சிநேகிதர் ஒருத்தர்தாம்மா வாங்கினார். நான் சொல்லித்தான். பெரிய மனுஷன், பேரு வெளிய வர வேணாம்னுட்டார்."

அவள் பொய்க்குக் கேட்காமலே ஒரு பெரிய மனுஷன் காவலாகக் கிடைத்துவிட்டார்.

கழிப்பறைக் குழாயைச் சரிபார்க்க வந்திருந்த பிளம்பர், வேலை முடிந்து பையோடு வெளியே வந்தவர், கூட்டத்தைப் பார்த்து எட்டிப் பார்த்தார். மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"வாஷர் தேஞ்சிருக்கு" என்றார். "அதான் சொட்டு நுனியில தொங்கி, நீளமாகி, அப்புறமா விழப்போகுது. முழுசா போயிருந்தா கோடா ஒழுகும். வரைஞ்சவங்க உக்காந்து பாத்திருக்காங்க."

அவளுக்குக் காது வரை சூடேறியது.

"என் கடையில மாட்டணும். என்ன விலை?"

"அது போயிடுச்சு தம்பி" என்றார் கடல்காரர். "பொட்டு தெரியல? வேணும்னா கடல் இருக்கு. அதுலயும் தண்ணிதான்."

"அதுல ரிப்பேர் பண்ண ஒண்ணும் இல்லையேண்ணே" என்று சொல்லிவிட்டு, பிளம்பர் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

"பேசுடி" என்றாள் அக்கா.

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். பாத்த ஒரே ஆளும் போறாரு."

அவள் கால் முந்திக்கொண்டது. படிக்கட்டின் மேல்படியில் போய் நின்றாள். கீழே பை ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு இறங்கியது. முதுகுக்குப் பின்னால் அத்தனை பேர், அவர்களுக்கு நடுவில் கடல்காரர்.

"அண்ணே, நில்லுங்க!" கத்தியேவிட்டாள். "அத யாரும் வாங்கல. அந்தப் பொட்ட ஒட்டினது நான்தான்."