ஏழாவது ஐன்

அரபியில் ‘ஐன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. கண் என்று அர்த்தம். அதோடு நின்றிருந்தால் அக்ரமின் கல்யாணம் சிக்கலில்லாமல் முடிந்திருக்கும். பழைய அகராதிகளைத் திறந்தால் அதே சொல் நீரூற்று, சூரியன், தங்கம், ஒற்றன், தராசின் சாய்வு, முழங்காலின் முன்குழி என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஆலங்குடா ஊர் ஸஹ்றா பெண்பிள்ளைகளுக்கு அரபு படித்துக் கொடுப்பவள். கனமூலை அக்ரம் தண்ணீர் மோட்டார் திருத்துகிறவன். உள்நாட்டுச் சண்டை முடிந்த ஐந்தாம் வருடம் இருவருக்கும் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை தரும் மஹர் என்னவென்று பெண்ணே கேட்கலாம்; அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அறிவாகவும் இருக்கலாம். ஸஹ்றா ‘ஐன்’ என்ற சொல்லின் அர்த்தங்களைக் கேட்டாள்.

“உனக்குத் தெரிஞ்சதையே அவன் சொன்னா அது என்ன மஹர்?” என்றார் வாப்பாவின் தம்பி, சாச்சா செய்னுலாப்தீன். அவளுடைய வாப்பா மௌத்தான பிறகு கல்யாணத்தை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது.

“சொல்ல வேணாம் சாச்சா. ஒவ்வொண்டையும் கொண்டுவந்து காட்டட்டும்.”

“எத்தினை? மஹர் எண்டா அளவு இரிக்கணும். அளவில்லாட்டி அது வெறும் கதை.”

“ஏழு.”

“ஓம், காட்டுறன்” என்றான் அக்ரம். மோட்டாரைக் கழற்றிப் பூட்டுகிறவனுக்கு ஒரு சொல்லைக் கழற்றுவது பெரிய வேலையா?

பள்ளிவாசல் நூலகத்தில் இருந்த பழைய அகராதியில், அந்தச் சொல் தொடங்கும் ஐன் என்ற எழுத்துக்குரிய பாகத்தை ஒரு பகல் முழுக்கப் புரட்டினான். அந்தச் சொல் அங்கே இல்லை. அந்தக் காலத்து அகராதிகள் சிலவற்றில் சொற்களைக் கடைசி எழுத்தைப் பார்த்து அடுக்கியிருப்பார்கள். செய்யுளின் அடிகளை ஒரே ஓசையில் முடிக்க நினைப்பவர்களுக்கு அது வசதி. ‘ஐன்’ முடிவது நூன் என்ற எழுத்தில். ஆகவே அது இருப்பது வேறொரு பாகத்தில். ஸஹ்றாவுக்கு இது நன்றாகத் தெரியும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் சொல்லியனுப்பினாள்: “வாலில இருந்து கழட்டச் சொல்லுங்க.”

அதன்பின் பள்ளிவாசல் நூர்தீன் மௌலவி வாசித்துச் சொல்ல, அக்ரம் எழுதிக்கொண்டான்.

வெள்ளிக்கு வெள்ளி ஸஹ்றாவின் வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டாகக் காட்டினான். கண்ணைக் காட்ட ஸஹ்றாவை நிமிர்ந்து பார்த்தான். கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டான். “காட்டினது போதும்” என்றாள், கதவோரக் கதிரையில் காவலிருந்த அவளுடைய உம்மா, ஹவ்வா உம்மா.

“ரெண்டாவதும் இங்கேயே இரிக்கி” என்று அக்ரம் அந்தக் கதிரையைக் காட்டினான். “ஒற்றன்.”

ஸஹ்றா சிரிப்பை முந்தானைக்குள் ஒளித்தாள். என்ன சொன்னான் என்று ஹவ்வா உம்மாவுக்கு அடுத்த நாள்தான் விளங்கியது.

சூரியனுக்கு முற்றத்தைக் காட்டினான். தங்கத்துக்குத் தன் உம்மாவின் மோதிரத்தைக் கொண்டுவந்தான். உப்பளத்துத் தராசில் இரண்டு தட்டிலும் உப்பை வைத்து, ஒரு தட்டில் ஒரு சிட்டிகை கூட்டி, முள் சாய்வதைக் காட்டினான். முழங்கால் குழியைக் காட்டக் கட்டியிருந்த சாரத்தை உயர்த்தப் போனபோது, “தொட்டுக் காட்டினா காணும் மருமகன்” என்று சாச்சா தடுத்தார். ஆறு முடிந்தது.

மீதி ஊற்று. “தமிழ்லயும் ஊற்றுக்கண் எண்டுதானே சொல்லுறம்? அதைக் கண்ணால காட்டுறன்” என்றான். நிக்காஹ்வுக்கு மூன்று நாள் இருக்க, ஸஹ்றா வீட்டுக் கிணற்றைத் துப்பரவாக்குவதாக மாமி ஹவ்வா உம்மாவிடம் சொல்லி, மோட்டார் வைத்து இறைத்து, உள்ளே இறங்கி நாலடி ஆழமாக்கினான்.

கனமூலையில் தோண்டத் தோண்ட ஒரு மூலையில் தண்ணீர் குமிழி விட்டு வரும். ஆலங்குடா வெறும் மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீர் தேங்கும் களப்பு. மணலுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் கீழே கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே, சொதியில் எண்ணெய் மிதப்பதுபோல, மெல்லியதாக நிற்கும். அங்கே ஊற்றுக்கண் கிடையாது, நாலாபுறமும் கசிவுதான். அதனால்தான் அங்கே கிணறுகளை அகலமாகத் தோண்டுவார்கள், ஆழமாகத் தோண்ட மாட்டார்கள். மேல்தண்ணீரை ஒரேயடியாக இறைத்து, அடியையும் தோண்டினால் கீழே கிடப்பது எழும்பி வரும்.

வந்தது. மறுநாள் காலை முதல் மிடறு தேத்தண்ணியை ஹவ்வா உம்மா முற்றத்தில் துப்பினாள்.

“சீனி டப்பாவையும் உப்பு டப்பாவையும் மாத்திட்டனோ?”

“டப்பாவை இல்ல உம்மா, மாப்பிள்ளையைத்தான் மாத்தணும்” என்றாள் ஸஹ்றா.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அயல்வீட்டுக்காரி அதை வேடிக்கையாகக் கொண்டுபோகவில்லை. மாப்பிள்ளை காலடி வைத்ததும் கிணறு கெட்டது என்று நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. இருநூறு பேருக்கு அந்தத் தண்ணீரில் எப்படிச் சமைப்பது, கல்யாணத்தைப் பிற்போட்டால் என்ன என்று ஹவ்வா உம்மா கேட்கத் தொடங்கினாள். பிற்போட்ட கல்யாணங்கள் சில பிறகு நடக்காமலே போனதை அக்ரம் கண்டிருக்கிறான்.

மணலைத் திரும்பக் கூடை கூடையாகக் கொட்டி நாலடியையும் மூடினான். ஊருக்குள் தள்ளியிருந்த தோட்டக் கிணற்றிலிருந்து உழவு இயந்திரத்தில் தண்ணீர்த் தாங்கி கொண்டுவந்தான். சமையலுக்கு வழி பிறந்தது. ஆனால் மஹர் ஏழு என்று பேசியிருந்தது, காட்டியது ஆறு.

நிக்காஹ்வன்று சாச்சா இரண்டு சாட்சிகளோடு உள்ளறை வாசலில் நின்றார். அக்ரம் பந்தலில் புதுத் தொப்பியோடு உட்கார்ந்து அந்த வாசலையே பார்த்தான்.

“மகள், மஹர் முழுசாக் கிடைச்சிச்சா? ஒண்டு குறையுதெண்டு நீ சொன்னா நான் நிப்பாட்டுவன்.”

உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

“ஆறு கிடைச்சிச்சு சாச்சா. ஏழாவதுக்குத் தவணை குடுக்கிறன். கிணத்துத் தண்ணி மதுரமாகிற நாள் வரைக்கும்.”

“அதுவரைக்கும்?”

“நம்மட ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பொண்ணு வீட்டுலதானே இரிக்கப் போறார்? அந்தத் தண்ணியை அவர் அள்ளித் தரட்டும், நான் குடிச்சுப் பார்த்துச் சொல்லுறன். வீட்டுக்குக் குடிதண்ணியும் அவர்தான் அள்ளணும்.”

சாச்சா பந்தலுக்கு வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சம்மதம்” என்றார். “ஆனா மருமகன், வாளி ரெண்டு வாங்கணும்.”

ஐப்பசி மழை அந்த வருடம் நன்றாகப் பெய்தது. மணலுக்குள் இறங்கிய புதுத்தண்ணீர் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அமுக்கியது. அக்ரம் தினமும் காலையில் கிணற்றில் ஒரு கோப்பை அள்ளி ஸஹ்றாவிடம் நீட்டுவான். அவள் ஒரு மிடறு குடித்து, யோசித்து, தலையை ஆட்டுவாள்.

“இன்னும் உப்புக் கரிக்குது.”

அவன் வாளிகளை எடுத்துக்கொண்டு தோட்டக் கிணற்றுக்கு நடப்பான். ஹவ்வா உம்மா தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் மூன்று கிழமையாகத் தேத்தண்ணி ஊற்றி, ஒரு மிடறும் துப்பாமல் குடிக்கிறாள். அவள் வாயைத் திறக்கவில்லை.