நாலு மணிக்குள் ஒரு குதிரை

மேசைக்கு அடியில் மண்டியிட்டு, நெய்ச்சோ இணையக் கேபிளைப் பிடுங்கி, பத்து வரை எண்ணி, மறுபடி செருகினார். எழும்போது பலகையில் தலை இடித்தது.

"வந்துச்சா?" கட்டிலிலிருந்து மனைவி வெனேதா கேட்டாள்.

"வரல."

"மணி என்ன?"

"ரெண்டே கால்."

நாலு மணிக்குள் அவள் தன் காயை நகர்த்தி அனுப்பியாக வேண்டும். தவறினால் ஆட்டம் போச்சு. ஒரு நகர்த்தலுக்கு ஐந்து நாள் கெடு வைத்து, கணினி வழியே ஆடும் சதுரங்கப் போட்டி அது. பதினெட்டு நாடுகளில் ஆடியவர்களில் கடைசியாக மிஞ்சியது இரண்டே பேர். மெஸ்த்ரா என்கிற சின்ன ஊரில் வெனேதா, போர்த்துகலில் அன்செல்மு என்கிற ஓய்வுபெற்ற பல் மருத்துவர். இறுதி ஆட்டம் தொடங்கி ஏழு மாதம் ஆயிற்று.

இந்த ஐந்து நாளில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டது. நேற்று மாலை டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டிலைக் கணினிக்குப் பக்கத்தில் போடச் சொன்னாள். ராத்திரி முழுக்க மயக்கம். காலையில் கண் விழித்தபோது இடியும் மழையும். கரண்ட் போய் அரைமணி கழித்து வந்தது. வந்ததிலிருந்து அந்தக் கிழட்டு இயந்திரம் வேறு ஆளாகிவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வேண்டும் என்றது. ஆரம்பித்தால் பாதியில் தோற்றுப்போய் சிவப்பில் எழுத்துக் காட்டியது. ஃபயர்வால் எதையும் உள்ளேயும் விடவில்லை, வெளியேயும் விடவில்லை.

ஃபோன் அடித்தது. ஸ்பெயினில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் மகள் இவெலினா.

"அப்பா, ஒண்ணும் யோசிக்காத. ஃபயர்வாலையே அணைச்சு விட்டுடு."

"கேட்டைத் தொறந்து போட்டுட்டு நான் ரயில் விட்டதில்ல. அணைச்சும் பாத்தாச்சு, அது கேக்கல."

"அப்ப உன் ஃபோன்லயே அனுப்பேன்."

"அந்த ஆட்டம் இதுல மட்டுந்தான் தொறக்குது. பாஸ்வேர்டை உங்கம்மா மறந்தே பத்து வருசமாச்சு."

"எத்தன தடவ சொன்னேன், புதுசு வாங்குங்கன்னு!"

"அவகிட்ட சொல்லு, எங்கிட்ட எதுக்குக் கத்துற," என்று ஃபோனை வெனேதாவின் காதில் வைத்தார். அவள் மெல்லச் சிரித்தாள். "எனக்கென்ன, இது போதும்டி. எனக்கும் இந்த மெஷினுக்கும் ஒரே ஆயுசுதான்" என்றாள்.  மறுமுனையிலிருந்து, "நாளைக்கு விமானம் ஏறிடறேன்மா" என்று கேட்டது. "சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நெய்ச்சோ முப்பத்தெட்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். எது நடந்தாலும் நேரம் போட்டுக் குறித்து வைக்கிற பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. அப்டேட் ஏழாவது தடவையாகத் தோற்றதும், ஒரு பழைய உறையின் பின்புறம் அதை எழுத உட்கார்ந்தார். நேரம் பார்க்கத் திரையின் மூலைக்குக் கண் போனது.

5:07. ஜனவரி 1, 2003.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"வேனா," என்றார்.  "கடிகாரம்டீ! இதோட கடிகாரம் செத்துப்போச்சு!"

இருபது வருஷத்துக்கு முந்திய தேதியில் நிற்கிற இயந்திரத்துக்கு, இன்றைய தேதி போட்டு வருகிற எந்த அப்டேட்டும் கள்ளக் கடிதம்தானே. உள்ளேயிருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து கிடந்திருக்கிறது. கரண்ட் போனதும் நேரத்தை மறந்துவிட்டது. தினம் காலையில் பிளாட்பாரத்துக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தைச் சரிபார்த்த மனுஷன், இன்று காலையிலிருந்து ஐந்து மணிநேரம் கேபிளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

தேதியையும் நேரத்தையும் திருத்தினார். அப்டேட்டை அழுத்தினார். பச்சைக் கோடு நகர்ந்தது. முப்பது சதவீதம். ஐம்பது. வழக்கமாகத் தோற்கிற அறுபத்திரண்டில் நின்றது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அறுபத்து மூன்று.

இயந்திரம் முடித்து, அணைந்து, மறுபடி எழுந்தபோது மணி மூன்று முப்பது. ஆட்டத்தைத் திறந்தார். 'இணைப்பு இல்லை.'

"இப்ப என்ன?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் ஒரு பெட்டி வந்து, இந்த நிரலை அனுமதிக்கலாமா என்று கேட்டது. பதற்றத்தில் வேண்டாம் என்று அழுத்தியது அவரேதான்.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன் வேனா."

"ஒண்ணுதானா? நாப்பத்தாறு வருசத்துல ஒண்ணுதான்னா கொண்டாடணும்."

ஃபயர்வாலின் பட்டியலைத் தேடிப் பிடிக்கவே எட்டு நிமிஷம் ஆனது. தடுத்தவற்றின் வரிசையில் குதிரைப் படம் போட்ட பெயர், பக்கத்தில் சிவப்புக் குறி. அதை எடுத்தார். அனுமதி. சரி.

திரையில் பலகை விரிந்தது.

"எந்தக் காய்னு சொல்லு, நான் நகத்தறேன்."

"தொட்டா கைய ஒடச்சிடுவேன்."

மேசையை அப்படியே கட்டிலோடு சேர்த்துத் தள்ளினார். ரொட்டி வெட்டும் பலகையை அவள் மடியில் வைத்து, அதன்மேல் மவுஸை வைத்து, முதுகுக்குப் பின்னால் தானே தலையணைபோல உட்கார்ந்துகொண்டார். அவள் உடம்பில் எடையே இல்லை. அம்புக்குறி நேராகப் போய்க் குதிரையைப் பிடித்தது.

"எஃப் ஆறு. செக்," என்றாள். "அவன் ராஜா மூலைக்கு ஓடணும், வேற வழி இல்ல. அடுத்தது யானை, அதோட முடிஞ்சுது. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏறும்போது பாத்தேன்."

மூன்று ஐம்பத்து மூன்றுக்கு அது போய்ச் சேர்ந்தது. நாலு மணி தாண்டி ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கும், போர்த்துகலிலிருந்து பதில் வந்தது. ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருந்தார் அன்செல்மு. கீழே எழுதியிருந்ததை நெய்ச்சோ உரக்கப் படித்தார்.

"'அம்மா, இந்தக் குதிரைக்கு ரெண்டு வாரமா பயந்துட்டே இருந்தேன். நீங்க பார்க்க மாட்டீங்கன்னு வேண்டிக்கிட்டேன். சாம்பியனுக்கு என் வணக்கம்.'"

"இன்னொரு தடவ படி."

படித்தார்.

"கடைசி வரி மட்டும்."

அதையும் படித்தார். அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்து, "பாத்தியா ஸ்டேஷன் மாஸ்டர், நம்ம வண்டி சரியான நேரத்துக்கு வந்துருச்சு" என்றாள். அவர் கன்னத்தை அவள் தலைமுடியில் பதித்துக்கொண்டார். ரெண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மூச்சு மெலிந்து, இடைவெளி விட்டு, ஒரு இடைவெளிக்குப் பிறகு வரவில்லை.  அவர் அவளை மெல்லப் படுக்கவைத்து, கையிலிருந்த மவுஸை எடுத்து வைத்து, ஜன்னலைத் திறந்தார்.

கீழே முற்றத்தில், இரண்டாம் மாடி லுத்மிலா குளிர்காலத்துக்குச் சேமிக்க, செப்டம்பர் மாதத்துக் குடைமிளகாயை மின்னடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலைந்து பேர் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள்.

"லுத்மிலா!" என்று கூப்பிட்டார். எல்லாரும் நிமிர்ந்தார்கள். "வெனேதா ஜெயிச்சுட்டா!"

கீழே ஒரே கூச்சல். யாரோ தட்டை எடுத்துத் தட்டினார்கள். லுத்மிலா கரிக் கையைத் தூக்கி ஆட்டினாள். "எங்க அவ? ஜன்னலுக்குக் கூட்டிட்டு வாங்க!"

நெய்ச்சோ திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். ஜன்னல் சட்டத்தைப் பிடித்தபடி நின்றார்.

கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. லுத்மிலா கையை இறக்கி, குனிந்து அடுப்பின் பிளக்கைப் பிடுங்கினாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு படியேறத் தொடங்கினாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். தட்டில் தோல் வெடித்த சிவப்பு மிளகாய்களிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.